முகத்தில் மலர்ந்த இராகங்கள்

இசை செவிக்குரியது என்பது நாம் படித்த பாடம். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கும் மேலாக மக்கள் இசையைக் கண்ணாலும் கேட்டிருக்கிறார்கள். அப்படிக் கேட்க வைத்தவர் கச்சேரி மேடை ஏறிய வித்துவான் அல்லர். நாகசுரத்தையோ மிருதங்கத்தையோ தொழிலாகக் கொண்டவரும் அல்லர். திரையில் ஒலித்த குரல் பிறருடையதாக இருக்க, முகத்தை மட்டும் தமதாகக் கொடுத்தவர். அவர்தாம் நம் விழுப்புரம் மண்ணில் பிறந்த நடிகர் திலகம் சிவாஜி கணேசன் அவர்கள்.

அவரைப் பற்றி இம்மலரில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே இரயிலில் போய்வரும் நம் மாணவ நண்பர்கள், கைப்பேசியில் அவருடைய காட்சிகளை அரை நிமிடத் துண்டுகளாகப் பார்த்துச் சிரிப்பதை அடிக்கடி காண்கிறேன். துடிக்கும் உதடும், ஏறி இறங்கும் புருவமும், விம்மும் மார்பும் அவர்களுக்கு வேடிக்கையாக இருக்கின்றன. மிகை நடிப்பு என்று இரண்டே சொல்லில் தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். அவர் மறைந்தது 2001ஆம் ஆண்டில். நம்மில் பெரும்பாலோர் அதன் பிறகு பிறந்தவர்கள். ஆகவே அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பக்கத்திலிருப்பவர்களுக்குத் தொல்லையாக இருக்கக் கூடாதென்று அவர்கள் ஒலியை அடக்கிவிட்டுப் பார்க்கிறார்கள். ஒலி இல்லாத சிவாஜி பாதிச் சிவாஜிதான். அந்த முகம் எந்த இராகத்துக்கு, எந்தத் தாளத்துக்கு அசைந்தது என்று தெரியாமல் பார்த்தால், வாத்தியக்காரர் கையிலிருந்து வாத்தியத்தைப் பிடுங்கிவிட்டு அவர் விரலசைவை மட்டும் பார்த்தது போலத்தான் இருக்கும்.

விழுப்புரத்துப் பிள்ளை

1928ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அவர் பிறந்த நாளாகக் கொண்டாடப்படுகிறது. தந்தையார் சின்னையா மன்றாயர், தாயார் இராஜாமணி அம்மையார். குடும்பத்தின் வேர் தஞ்சைச் சீமையில் இருந்தாலும் பிள்ளை பிறந்தது விழுப்புரத்தில். விடுதலைப் போரில் ஈடுபட்டுத் தந்தையார் சிறை சென்றிருந்த காலத்தில் பிறந்த குழந்தை என்பது அவர் வரலாறு எழுதியோர் எல்லாரும் குறிக்கும் செய்தி. வி. சி. கணேசன் என்ற பெயரின் முதலெழுத்தை விழுப்புரம் என்றே விரித்துச் சொல்பவர்கள் பலர். நம் ஊர்க்காரர்களுக்கு அதில் ஐயமே இல்லை!

பின்னர்க் குடும்பம் திருச்சிக்குச் சென்றது. பள்ளிப் படிப்பு நிலைக்கவில்லை. சிறுவயதிலேயே யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை அவர்களின் மதுரை ஸ்ரீ பாலகான சபாவில் சேர்ந்துவிட்டார். அது நாடகக் கம்பெனி. பெயரோ கான சபா. இந்தப் பெயரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. அந்நாளைய பாய்ஸ் கம்பெனிகளில் வசனம், பாட்டு, ஆட்டம் எல்லாம் ஒரே வாத்தியாரிடம் ஒரே உணவோடு பிள்ளைகளுக்குப் புகட்டப்பட்டன. பெண் வேடம் போடும் பிள்ளை நடையையும் கற்க வேண்டும், அழுகையையும் கற்க வேண்டும், அந்த அழுகை எந்தச் சுருதியில் நிற்க வேண்டும் என்பதையும் கற்க வேண்டும். கணேசனும் பெண் வேடம் முதல் இராஜபார்ட் வரை எல்லாம் கட்டினார். பேரறிஞர் அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்ததும், தந்தை பெரியார் அவருக்குச் சிவாஜி என்று பெயர் சூட்டியதும் நாடறிந்தவை. 1952இல் 'பராசக்தி' வந்தது. அதன் வசனத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஆகவே நான் அதை விட்டுவிட்டு, அவ்வளவாக யாரும் பேசாத ஒரு பக்கத்துக்குப் போகிறேன்.

குரல் ஒருவருடையது, முகம் ஒருவருடையது

1937இல் 'அம்பிகாபதி' என்ற படம் வந்தது. எம். கே. தியாகராஜ பாகவதர் அதன் நாயகர். பாடலும் அவரே, படமும் அவரே. அந்தக் காலத்து நாயகர்கள் பாடகர்களாகவே இருந்தார்கள். பாகவதர் பாடத் தொடங்கினால் காமிரா அசையாமல் நின்று கேட்கும். கொட்டகையில் இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இழப்பு ஒன்றுமில்லை. சரியாக 20 ஆண்டு கழித்து 1957இல் அதே கதை மறுபடியும் படமாயிற்று. இப்போது நாயகர் சிவாஜி, குரல் டி. எம். சௌந்தரராஜன் அவர்களுடையது; இசை ஜி. இராமநாதன் அவர்களுடையது. இடைப்பட்ட காலத்தில் பின்னணிப் பாடல் முறை வேரூன்றிவிட்டது. முகமும் குரலும் இரண்டாகப் பிரிந்துவிட்டன.

இதைப் பெருங்குறையாகக் கருதிய பெரியவர்கள் இருந்தார்கள். பாடுபவன் வேறு, வாயசைப்பவன் வேறு என்றால் அதில் உண்மை எங்கே என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பிளவிலிருந்துதான் ஒரு புதிய கலை பிறந்தது என்பது என் எண்ணம். பாடுபவனுக்கு மூச்சைக் கவனிக்க வேண்டும், சுருதியைக் கவனிக்க வேண்டும். முகம் அதன் போக்கில் கோணும். பாடாதவனுக்கு அந்தக் கவலை இல்லை. பாட்டு உள்ளே என்ன செய்கிறதோ அதை மட்டும் முகத்தில் காட்டலாம். 'பராசக்தி'யில் சிவாஜிக்குக் குரல் கொடுத்தவர் சிதம்பரம் எஸ். ஜெயராமன் அவர்கள். 1954இல் 'தூக்குத் தூக்கி' முதல் சௌந்தரராஜன் குரல் வந்து சேர்ந்தது. அதன்பின் சங்கீதக் காட்சிகளில் சிவாஜியின் கழுத்து நரம்பையும், மூச்சு வாங்கும் இடத்தையும், கமகம் சுழலும்போது தாடை சுழல்வதையும் பாருங்கள். குரல் அவருடையது அல்ல என்று தெரிந்திருந்தும் கண் அதை நம்ப மறுக்கும்.

1957 'அம்பிகாபதி'யில் எனக்கு வியப்பூட்டுவது முகாரி இராகம். ஓயாமல் புலம்புகிறவனைப் பார்த்து முகாரி பாடாதே என்று சொல்வது நம் வழக்கு. நம் பக்கத்துத் தெருக்கூத்திலும் பிணத்தின்மேல் விழுந்து அழும் கட்டம் வந்தால் முகாரிதான். அப்படிப்பட்ட இராகத்தில் இராமநாதன் அவர்கள் ஒரு காதல் பாட்டை அமைத்தார். சௌந்தரராஜனும் பி. பானுமதியும் பாடியது. படத்தில் காதலர் முகத்தில் துளியும் சோகம் இல்லை. சிவாஜியின் கண்ணில் இருப்பது கவிஞனுக்குரிய மயக்கம். ஆனால் அம்பிகாபதி கதை எப்படி முடியும் என்று கொட்டகையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். தலை உருளப் போகிறது. காது முகாரியைக் கேட்கிறது, கண் மகிழ்ச்சியைப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் நெஞ்சு தவிக்கிறது. சொல்லாமல் சொன்ன சோகம் அது.

அப்படியானால் முகாரி சோக இராகமா, இல்லையா? தியாகராஜ சுவாமிகள் சபரியின் பெரும்பேற்றை வியந்து போற்றும் கீர்த்தனையை முகாரியிலேயே பாடியிருக்கிறார். அங்கே அழுகை ஏது? இன்ன இராகத்துக்கு இன்ன சுவை என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்பவர்களுக்கு இது இடைஞ்சலாக இருக்கும். இராகம் மனத்தை ஒரு பதத்துக்கு இளக்கிக் கொடுக்கிறது. இளகிய மனத்தில் எந்த உருவம் பதிய வேண்டும் என்பதைச் சொல்லும், சூழலும், முகமும், கேட்பவன் வாழ்ந்த வாழ்வும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இதுதான் நான் கண்ட முடிவு.

பாட்டே இல்லாத படம்

இடையில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் 'அந்த நாள்' வெளிவந்தது. ஒரு பாட்டுக்கூட இல்லாத தமிழ்ப் படம். அதை இயக்கியவர் யார் தெரியுமா? வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் அவர்கள்! இசையை உயிராகக் கொண்ட ஒருவர் பாட்டை முற்றிலும் ஒதுக்கினார். நாயகர் நம் சிவாஜி. சாய்ந்துகொள்ளப் பாட்டு என்னும் தூண் இல்லாதபோதும் இந்த நடிகர் தாளம் தப்பாமல் நிற்பாரா என்பதற்கு அது ஒரு சோதனை. நின்றார். உரத்த நடிப்பு மட்டுமே தெரிந்தவர் என்று அவரை நினைக்கும் நண்பர்கள் முதலில் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

கர்ணனும் விடியற்காலமும்

செஞ்சியை அடுத்த மேலச்சேரி தொடங்கி நம் மாவட்டத்துச் சிற்றூர்கள் எத்தனையோ இடங்களில் திரௌபதி அம்மன் கோயில் உண்டு. பாரதத் திருவிழா நடக்கும் ஊரில் கர்ண மோட்சக் கூத்தைக் காணாமல் யாரும் தூங்கப் போவதில்லை. இரவெல்லாம் முகவீணையும் மத்தளமும் ஒலிக்கும். பதினேழாம் நாள் போர். தேர்ச் சக்கரம் புதையும். கர்ணன் சாயும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்கும். பனியில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் அழுதுகொண்டே எழுந்து வீட்டுக்குப் போவார்கள், வாசல் தெளிக்க.

1964இல் பி. ஆர். பந்துலு அவர்களின் 'கர்ணன்' வந்தது. இசை விசுவநாதன்-இராமமூர்த்தி இரட்டையர். வடநாட்டு மணம் வீசும் இசை. கர்ணன் அம்பு தைத்துச் சாய்ந்திருக்கிறான். கண்ணனாக என். டி. ராமாராவ் அவர்கள் அவனை நோக்கி வருகிறார். சீர்காழி கோவிந்தராஜன் அவர்களின் வெண்கலக் குரல் எழுகிறது. இராகம் சக்கரவாகம். இதே சுர வரிசையை வடநாட்டார் ஆஹிர் பைரவ் என்பார்கள். அவர்களுக்கு அது வைகறைக்குரிய இராகம். என் பாட்டி டூரிங் டாக்கீசில் மணல் குவித்து உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தவர். சக்கரவாகம் என்ற பெயரை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. ஆனால் வானொலியில் அந்தப் பாட்டு வரும்போதெல்லாம், உச்சி வெயிலாக இருந்தாலும், தமக்கு விடியற்காலத்துக் குளிர் அடிப்பதாகச் சொல்வார். கூத்தில் கண்ட விடியலும், படத்தில் கேட்ட விடியற்கால இராகமும், சிவாஜியின் முகமும் அவருக்குள் ஒன்றாகிவிட்டன. வடக்கே இசை மரபு எதைக் காலையோடு முடிந்து வைத்ததோ, அதையே நம் கூத்து மரபும் தன் வழியில் காலையோடு முடிந்து வைத்திருந்தது. இரண்டும் ஒரு முகத்தில் சந்தித்துக்கொண்டன. இசையமைத்தவர்கள் இதையெல்லாம் எண்ணியிருப்பார்களா என்றால், எண்ண வேண்டியதில்லை என்பேன். கேட்பவர் கொண்டுவந்து சேர்ப்பதும் இசையில் ஒரு பங்கு.

அந்தக் காட்சியில் சிவாஜி பாடுவதில்லை. அசையவும் இல்லை. பாட்டு முழுவதும் வேறொருவர் பாட, தாம் கேட்பவராகக் கிடக்கிறார். வலி, மானம், ஏமாற்றம், கடைசியில் ஓர் அமைதி எல்லாம் வந்து போகின்றன. நல்ல பாடகரைவிட நல்ல கேட்பாளர் அரிது என்பார்கள் சபாக்காரர்கள். திரையில் அத்தகைய கேட்பாளரைக் காட்டியவர் அவர்.

அதே 1964இல்தான் அவருடைய நூறாவது படமான 'நவராத்திரி'யும் வந்தது. ஒன்பது வேடம், ஒன்பது சுவை. அதில் தெருக்கூத்துக் கலைஞராகவும் ஒரு வேடம் உண்டு என்பது நம் பகுதிக்குப் பெருமை. வடமொழி மரபு சுவையை ஒன்பது என்னும். நம் தொல்காப்பியரோ மெய்ப்பாடு எட்டு என்றார். மெய்ப்பாடு என்ற சொல்லைக் கவனியுங்கள்: உள்ளத்தில் எழுவது மெய்யில் படுவது. உடம்பில் தெரியாத உணர்ச்சி அவர் கணக்கில் மெய்ப்பாடே ஆகாது. எட்டில் ஒன்று பெருமிதம். கல்வி, வீரம், புகழ், கொடை என்ற நான்கினால் அது பிறக்கும் என்பது அவர் வகுத்த வகை. கர்ணனின் நிமிர்வு கொடையால் வந்தது. 1959இல் வந்து, மறு ஆண்டு கெய்ரோ நகரத்து ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் பரிசு வாங்கித் தந்த 'வீரபாண்டிய கட்டபொம்ம'னின் நிமிர்வு வீரத்தால் வந்தது. கல்வியால் வரும் நிமிர்வைப் பிறகு காண்போம்.

விறகு விற்றவர்

1965இல் ஏ. பி. நாகராஜன் அவர்களின் 'திருவிளையாடல்'. விறகு விற்ற படலம் நமக்குப் பாடமாகவும் வந்த கதைதான். வடபுலத்துப் பாடகன் ஏமநாதன் பாண்டிய நாட்டையே பாட்டால் அடிமை கொள்ள வருகிறான். பாணபத்திரருக்காகச் சொக்கநாதரே விறகுக்காரராகி அவன் குடியிருந்த வீட்டு வாசலில் பாடுகிறார். புராணத்தில் இறைவன் பாடியது சாதாரிப் பண். ஓதுவார்கள் அதை இன்று பந்துவராளியில் பாடுவார்கள். படத்தில் கே. வி. மகாதேவன் அவர்கள் தேர்ந்தது கௌரிமனோகரி. கௌரியின் மனத்தைக் கவர்ந்தவர் பாடும் இராகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

அந்தப் பகுதியில் மூன்று பேர் பாடுகிறார்கள். பாணபத்திரராக வரும் டி. ஆர். மகாலிங்கம் சொந்தக் குரலில் பாடுகிறார். அவர் பாகவதர் காலத்துப் பாடும் நாயகர்களின் வரிசையில் வந்தவர். ஏமநாதனாக வரும் டி. எஸ். பாலையாவுக்குக் குரல் பாலமுரளிகிருஷ்ணா அவர்கள். மாண்டு, தோடி, தர்பார், மோகனம், கானடா என்று இராகங்கள் மாலையாகத் தொடர, தன் வித்தையைக் கடை பரப்புகிறான் ஏமநாதன். அழகுதான், கர்வமும் அழகாகவே இருக்கிறது. ஆனால் கேட்பவர் முன் எழுவது பாடுபவனின் உருவம் மட்டும். பிறகு விறகுக்காரர் பாடுகிறார். ஒரே இராகம். இப்போது எழும் உருவம் உலகம்! அவர் பாட்டை நிறுத்துகிற இடத்தில் அலை நிற்கிறது, அருவி நிற்கிறது, பறக்கும் பறவை நிற்கிறது. பாடுபவர், வீணை, குழல், மிருதங்கம், ஜதி என்று ஐந்து சிவாஜிகள் ஒரே திரையில் தோன்றுகிறார்கள். தந்திரக் காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டில் மௌனம் என்பதும் இசையின் பகுதி என்று, சங்கீதம் கற்காத இலட்சக்கணக்கான மக்களுக்கு அந்த ஒரு காட்சி கற்பித்துவிட்டது. ஐந்து முகத்திலும் ஐந்து விதமான கவனம் தெரிகிறது: மிருதங்கம் வாசிப்பவர் பாடுபவரின் அடுத்த அடியை எதிர்பார்க்கிறார், வீணை வாசிப்பவர் தமக்குள்ளேயே ஆழ்ந்திருக்கிறார்.

இரண்டு ஆண்டு கழித்து வந்த 'திருவருட்செல்வர்' நமக்கு இன்னும் நெருக்கம். அதில் சிவாஜி ஏற்ற சுந்தரர், திருமணப் பந்தலில் தடுத்தாட்கொள்ளப்பட்டு வழக்காடிய திருவெண்ணெய்நல்லூர் நம் மாவட்டம். அவர் ஏற்ற அப்பர் பிறந்த திருவாமூர் பண்ருட்டிக்கு அருகில். விழுப்புரத்தில் பிறந்த நடிகர், பக்கத்து ஊர்க்காரர்களான நாயன்மார்களாக வந்து பாடியிருக்கிறார். பாம்பு தீண்டிய பிள்ளைக்காக அப்பர் பாடும் பாட்டு புன்னாகவராளி. அந்த இராகத்தை இரவில் பாடினால் பாம்பு வரும் என்று நம் ஊர்களில் பயமுறுத்துவார்கள். பாம்புக்கு வெளிச்செவி இல்லை. தரையின் அதிர்வையும் தாழ்ந்த ஒலிகளையும் அது உணரும். மகுடிக்கு ஆடுவதாக நாம் நினைப்பது மகுடியின் அசைவைத் தொடர்வது என்பது அறிவியல். ஆக, புன்னாகவராளியில் பாம்பைக் காண்பது நம் மனம்தான். தலைமுறை தலைமுறையாக அந்த இராகத்தோடு பாம்பைச் சேர்த்துக் கேட்டிருக்கிறோம். முதிய அப்பராகக் கூன் விழுந்த உடலோடு சிவாஜி அதைப் பாடும்போது, மகுடிக்காரனின் இராகம் மன்றாடும் இராகமாக மாறுகிறது. பாம்பு மறந்துபோகிறது, பிள்ளையைப் பறிகொடுத்த வீடு தெரிகிறது.

சிக்கல் சண்முகசுந்தரம்

இனி 1968ஆம் ஆண்டின் 'தில்லானா மோகனாம்பாள்'. கொத்தமங்கலம் சுப்பு அவர்கள் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை. நாகராஜன் இயக்கம், மகாதேவன் இசை. சண்முகசுந்தரத்தின் நாகசுரம் மதுரை சகோதரர்கள் எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி ஆகிய இருவருடையது. அதனால்தான் திரையில் சிவாஜிக்குப் பக்கத்தில் ஏ. வி. எம். ராஜன் இன்னொரு நாகசுரத்தோடு நிற்கிறார், தவிலோடு பாலையா.

நாகசுரம் வாசிப்பவரை அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா? திண்டிவனம் திந்திரிணீசுவரர் கோயில் திருவிழாவிலோ, நம் கலியாண மண்டபங்களிலோ ஒரு தடவை பந்தியை மறந்து நின்று பாருங்கள். சீவாளியை உதட்டில் வைத்த பிறகு முகம் வாசிப்பவருக்குச் சொந்தமில்லை. கன்னம் காற்றுக்கு, உதடு சுருதிக்கு, தொண்டை துத்துக்காரத்துக்கு. உணர்ச்சி காட்ட மிஞ்சுவது கண்ணும் புருவமும் மட்டும். உலகத்து நடிகர்களில் எத்தனை பேரிடம் வாயைக் கட்டிவிட்டு நடிக்கச் சொல்ல முடியும்? சிவாஜி அந்தக் கட்டுக்குள் நின்றுகொண்டு கோபம், காதல், பொறாமை, வெற்றி எல்லாவற்றையும் இரண்டு கண்ணால் வாசித்தார்.

படத்தின் தொடக்கத்தில் அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது வாணவேடிக்கைச் சத்தம் குறுக்கிடும். வாசிப்பை நிறுத்திவிட்டுப் போய்விடுவார். தொல்காப்பியர் சொன்ன கல்வியால் வரும் பெருமிதம் இதுதான். இதன் அருமை தெரிய வேண்டுமானால் அக்காலத்து நாகசுரக் கலைஞர்களின் நிலை தெரிய வேண்டும். சாமி புறப்பாட்டில் மைல் கணக்காக நடந்துகொண்டே வாசித்தவர்கள். வாய்ப்பாட்டுக்காரருக்குக் கிடைத்த மரியாதை கிடைக்காதவர்கள். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை அவர்கள் அந்த நிலையை எதிர்த்துத் தாமே ஓர் இயக்கமாக நின்று 1956இல் மறைந்தார். அவரும் 1940இல் 'கவி காளமேகம்' என்ற படத்தில் நடித்தவர்தான். ஆயினும் நாகசுரக் கலைஞன் என்றால் தமிழர் நெஞ்சில் எழும் திரை உருவம் சிக்கல் சண்முகசுந்தரத்தின் உருவமே. மேதையை மக்கள் காதில் வைத்திருந்தார்கள். அந்த மேதைமையின் நிமிர்வைக் கண்ணில் வைத்தவர் சிவாஜி.

மோகனா ஆட, சண்முகசுந்தரம் கூட்டத்தில் மறைந்து நின்று பார்க்கும் கட்டம் உண்டு. பி. சுசீலா அவர்கள் குரல், பத்மினி அவர்கள் ஆட்டம். முருகனை அழைப்பது போன்ற பாட்டு, இராகமோ சண்முகப்பிரியா. சண்முகனுக்குப் பிரியமானது என்ற பெயரே அந்தப் பெண்ணின் நிலையைச் சொல்கிறது. இராகத்தின் பெயர் தெரிந்தவர்கள் புன்னகைத்திருப்பார்கள். தெரியாதவர்களும் ஒன்றும் இழக்கவில்லை; மறைந்து நிற்பவர் முகம் அவர்களுக்குச் சொல்லிவிட்டது.

இங்கே ஒரு தடை எழும். நம் பேராசிரியர்களே இதைக் கேட்கக்கூடும். இனிச் சண்முகப்பிரியா கேட்கும்போதெல்லாம் பத்மினியும் சிவாஜியுமே கண்முன் வந்தால், அந்த இராகம் நம் சொந்தக் கற்பனைக்குப் பூட்டு ஆகிவிடாதா? மேல்நாட்டிலும் இந்த வழக்கு உண்டு. 1940இல் வால்ட் டிஸ்னி 'ஃபேண்டேசியா' என்ற படத்தில் பேத்தோவனின் ஆறாவது சிம்பொனிக்குக் கிரேக்கப் புராணத்துக் குதிரை மனிதர்களை ஓடவிட்டார். வயல்வெளியை எண்ணி எழுதிய இசைக்கு இந்தப் பொம்மைகள் எதற்கு என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. படம் இசையின் கையைக் கட்டிவிடும் என்பது உண்மைதான். சண்முகப்பிரியாவை மனம் போனபடி கேட்கும் உரிமையில் ஒரு பங்கை நானும் இழந்திருக்கிறேன். ஆனால் அந்த உரிமை யாருக்கு இருந்தது என்றும் கேட்க வேண்டும். சபாவுக்குச் சீட்டு வாங்க முடிந்தவர்களுக்கு இருந்தது. ஒலக்கூரிலும் மயிலத்திலும் கழனி வேலை முடித்து வந்தவர்களுக்கு அந்த வாசலே தெரியாது. அவர்களுக்கு ஒரு முகம் வாசலாயிற்று. மேலும், குதிரை மனிதனுக்கும் மனித முகத்துக்கும் வேறுபாடு உண்டு. முகம் தன் உணர்ச்சியைக் காட்டும். அந்த உணர்ச்சிக்குக் காரணமான சொந்தக் கதையைப் பார்ப்பவர் தம் வாழ்விலிருந்தே எடுத்து நிரப்பிக்கொள்வார். இழப்பு சிறிது, வரவு பெரிது என்பதே என் கணக்கு. உடன்படாதவர்கள் அடுத்த மலரில் எழுதலாம்!

மிகை என்ற குற்றச்சாட்டுக்கும் இங்கேயே விடை இருக்கிறது. ஒரு சுரத்தைப் பாடகர் ஏன் நேராகத் தொட்டுவிட்டு விடுவதில்லை? ஏன் அசைக்கிறார், சுழற்றுகிறார், ஒரே அடியைப் பத்துச் சங்கதி போட்டுப் பாடுகிறார்? நம் இசை விரிவில் வாழும் இசை. சிவாஜியின் நடிப்பும் அந்த இலக்கணத்தில் பிறந்தது. துயரம் என்ற ஒரு சுரத்தை எடுத்துக்கொண்டு புருவத்தில் ஒரு சங்கதி, உதட்டில் ஒரு சங்கதி, நடையில் ஒரு சங்கதி என்று நிரவல் செய்வார். ஆலாபனையை மிகை என்று சொல்லாத நாம் அவர் முகத்தை மட்டும் மிகை என்று சொல்வது எந்த நியாயம்? எல்லாப் படத்திலும் அது பொருந்திற்று என்று நான் வாதாட வரவில்லை. தாளம் இல்லாத கதையில் அவர் தாளம் போட்ட படங்களும் உண்டு. எழுபதுகளின் பிற்பகுதியில் அப்படிச் சில.

பிற்காலம்

1983இல் 'மிருதங்க சக்கரவர்த்தி'யில் மிருதங்க வித்துவானாக வந்தார். வாசிப்பு உமையாள்புரம் சிவராமன் அவர்களுடையது. இம்முறை வாய் கட்டப்படவில்லை. முகம் முழுவதும் அவர் கையில் இருந்தது. 1985இல் பாரதிராஜா அவர்களின் 'முதல் மரியாதை' வந்தபோது ஆலாபனையெல்லாம் அடங்கிவிட்டது. இளையராஜா அவர்களின் இசையில் மலேசியா வாசுதேவன் குரல். ஆற்றங்கரையில் ஒரு கிராமத்துப் பெரியவர், இராகம் பாடாமல், முனகலாகப் பாடுகிறார். புருவம் ஏறவில்லை, உதடு துடிக்கவில்லை. கச்சேரி முடியும் தறுவாயில் தம்பூரா மட்டும் ஒலிப்பது போன்ற நடிப்பு. இரயிலில் சிரிக்கும் நண்பர்கள் கைப்பேசியில் இந்தக் காட்சி வந்ததே இல்லை.

1966இல் பத்மஸ்ரீ, 1984இல் பத்மபூஷண், 1995இல் பிரெஞ்சு அரசின் செவாலியே, 1996ஆம் ஆண்டுக்கான தாதா சாகேப் பால்கே விருது ஆகியவை அவரைத் தேடி வந்தன. 2001ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் சென்னையில் காலமானார். 'நவராத்திரி', 'திருவிளையாடல்', 'திருவருட்செல்வர்', 'தில்லானா மோகனாம்பாள்' ஆகிய படங்களுக்கு இசை தந்த திரை இசைத் திலகம் கே. வி. மகாதேவன் அவர்கள் மறைந்தது அதே ஆண்டு ஜூன் 21ஆம் நாள். சரியாக ஒரு மாதம் முன்பு.